அரை டிகிரி: ஐஸ்லாந்துக் கடல்மேல் பறந்து வெப்பம் பார்த்த அனுபவம்

கொரோனா காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டிவிட்டு உள்ளே அனுப்பினார்களே, அதனுடைய பெரிய அண்ணன்தான் நான் வேலை பார்த்த ரேடியோமீட்டர் என்ற கருவி. அதற்கு முன்பெல்லாம் என் வேலையை அம்மாவுக்கு விளக்கவே முடிந்ததில்லை. இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப கடலுக்கு நெத்தியில காட்டிக் காய்ச்சல் பாக்கறேன்னு சொல்லு" என்றார். "ஆமாம்மா, 30 மீட்டர் உயரத்துல விமானத்துல பறந்துக்கிட்டே பாக்கறோம்" என்றேன். "ரெண்டு தென்னமரம் உயரந்தானேடா அது!" என்று அவர் கவலை வேறு பக்கம் போய்விட்டது. அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் தங்கியிருந்த ஊர் அக்குரேய்ரி. ஐஸ்லாந்தின் வடகரையில், கடல் மலைகளுக்கு நடுவே சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிடக்கிறது. ஏயாஃப்யோர்துர் என்று அதற்குப் பெயர். அதன் கடைக்கோடியில் ஊர். தண்ணீரை ஒட்டி ஓடுபாதை. வடக்கே கிளம்பினால் இரண்டு பக்கமும் மலை கூடவே வரும். அப்புறம் மலை முடிந்து, ஆர்க்டிக் வட்டக் கோடு கடந்துபோகும் கிரிம்சே தீவைத் தாண்டினால் ஐஸ்லாந்துக் கடல். 2018 பிப்ரவரி, மார்ச்சில் ஐஸ்லாந்து–கிரீன்லாந்து கடல்கள் ஆய்வுத் திட்டத்தின் சிறு விமானமும் இந்த ஊரிலிருந்துதான் பறந்தது. நாங்கள் போனது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அதே மாதிரியான குளிர்காலத்தில். இரண்டு எஞ்சின் ட்வின் ஆட்டர் விமானம். இரண்டு விமானிகள், கருவிகளுக்கு இரண்டு பேர், தரையில் ஒரு மெக்கானிக். அவ்வளவுதான் அணி.

எதற்காக இந்தப் பாடு? குளிர்காலத்தில் கிரீன்லாந்துப் பக்கத்துப் பனிப்பரப்பிலிருந்து கடுங்குளிர்க் காற்று கிளம்பி, உறையாத கடல்மேல் வந்து விழும். காற்று மைனஸ் 15 டிகிரி, தண்ணீர் பூஜ்ஜியத்தை ஒட்டி. கடலிலிருந்து வெப்பம் அப்படியே பிடுங்கப்படும். ஒரு சதுர மீட்டருக்குச் சில நூறு வாட். வெப்பத்தை இழந்த மேல்தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கும். இந்தக் கடல்களில் கனமாகிற தண்ணீர்தான் கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவேயுள்ள டென்மார்க் நீரிணையின் அடிவழியே தெற்கே வழிந்து, அட்லாண்டிக்கின் ஆழநீரோட்டத்துக்குப் போய்ச் சேருகிறது. எவ்வளவு வெப்பம் போகிறது என்று கணக்குப் போட மூன்று எண்கள் முக்கியம்: காற்றின் வேகம், காற்றின் வெப்பநிலை, கடல்மேற்பரப்பின் வெப்பநிலை. முதல் இரண்டையும் விமானத்தின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கருவிகள் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதுதான் என் பொறுப்பு.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்பார்கள். அகச்சிவப்பில் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் வந்தால் கடல் தெரியாது. குளிர்காலத்தில் இங்கே மேகம் இல்லாத நாள் அபூர்வம். மைக்ரோவேவில் பார்ப்பது மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் அதன் ஒரு புள்ளி பல பத்துக் கிலோமீட்டர் அகலம். உறைந்த கடல் முடிந்து திறந்த தண்ணீர் தொடங்கும் பனிவிளிம்புக்குப் பக்கத்தில் பனியும் தண்ணீரும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த விளிம்புதான். மேகத்துக்கும் கடலுக்கும் இடையே புகுந்து பறக்கிற ஒரு விமானத்தால் மட்டும்தான் அதை மீட்டர் கணக்கில் பார்க்க முடியும்.

இந்த முறை புதிதும் அல்ல. 1966-லேயே கனடாக்காரர்கள் விமானத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை மாட்டிக்கொண்டு பேரேரிகளின் மேல் பறந்து நீரின் வெப்பநிலையை வரைபடமாக்கத் தொடங்கிவிட்டார்கள். கருவி சிறியதாகியிருக்கிறது, கணினி வந்திருக்கிறது, அடிப்படை அதேதான்.

எங்கள் ரேடியோமீட்டர் ஒரு பெரிய டார்ச் விளக்கு அளவு. விமானத்தின் வயிற்றில் ஒரு குழாய்க்குள் செங்குத்தாகக் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வரும் வெப்பக் கதிரை வாங்கி, அது எத்தனை டிகிரிப் பொருளிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லும். இப்படிப் பார்ப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியைக் கடைக்காரர் பார்த்தால் அதிகம் காட்டும், ஏசி காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்தால் குறைத்துக் காட்டும். உடம்புக்குள் இருக்கும் சூடு வேறு, தோலின் சூடு வேறு. கடலுக்கும் தோல் உண்டு. ரேடியோமீட்டர் பார்ப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள மேல்படலத்தை. காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் படலம் அடியில் இருக்கும் தண்ணீரைவிட ஒன்றிரண்டு பத்திலொரு பங்கு டிகிரி குளிர்ந்திருக்கும். கப்பல் தன் அடிப்பக்கக் குழாயில் சில மீட்டர் ஆழத்துத் தண்ணீரை இழுத்து அளக்கும். அதனால் கப்பல் எண்ணும் விமான எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பதறக் கூடாது. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில்.

தினமும் பறப்பதற்கு முன்னும் பின்னும் ஐஸ் தண்ணீர்ச் சோதனை. இதை யாரும் ஆய்வுக்கட்டுரையில் விரித்து எழுதுவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். ஒரு பெரிய எவர்சில்வர் ஃப்ளாஸ்க். குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸை நன்றாகப் பொடித்து நிரப்ப வேண்டும். கல் கல்லாகப் போட்டால் நடுவே 1 டிகிரி, 2 டிகிரித் தண்ணீர் தேங்கிக்கொள்ளும். இடுக்குகள் நிறையுமளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் 10 நிமிடம் விடாமல் கலக்க வேண்டும். கலவை பழக்கடை ஐஸ்துருவல் மாதிரி ஆனதும், உட்புறம் மங்கிய கறுப்புப் பெயின்ட் அடித்த உலோகக் கூம்பை அதற்குள் கழுத்துவரை அமுக்க வேண்டும். கூம்பின் சுவர் பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிடும். ரேடியோமீட்டர் அந்தக் கூம்பின் வாய்க்குள் பார்க்க வேண்டும். உள்ளே விழுகிற எந்த வெளிச்சமும் முட்டி மோதி உள்ளேயே அடங்கிவிடுவதால், கூம்பு தன் வெப்பத்தை மட்டும்தான் காட்டும். கருவி 0.1-க்குள் காட்டினால் பறக்கலாம்.

இதைச் சூடான ஹேங்கருக்குள் செய்யக் கூடாது என்பதை இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன். வெளிக்குளிரில் ஊறிய கண்ணாடியை ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்தால் நொடியில் பனி படரும். என் சட்டைக் கையால் துடைத்தேன். அதில் கைக்கு எடுத்த கிரீம் ஒட்டியிருந்தது போலிருக்கிறது. ஒரு மெல்லிய மெழுகுப் படலம் உட்கார்ந்துவிட்டது. மறுபடி சோதனையில் மைனஸ் 0.4. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தபோதுதான் வானவில் மாதிரிப் படலம் தெரிந்தது. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல், லென்ஸ் துடைக்கும் தாளும் ஆல்கஹாலும் எடுத்துக் கொடுத்தார். கருவிகளுக்குத் தனித் துணி, தனிப் பை என்று அன்றே பிரித்துவைத்தேன். கருவியைப் பறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து மின்சாரம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அன்று முடிவானதுதான். சூடான அறையிலிருந்து வந்த கருவி குளிருக்குப் பழகும்வரை அது சொல்வதை நம்ப முடியாது.

இப்போது அந்த முக்கியமான நாள்.

முந்திய இரவு பனி கொட்டியது. விமானத்தின் முதுகில் மேலே பார்த்தபடி இன்னொரு ரேடியோமீட்டர் உண்டு. அதன் குழாய்க்குள் பனி போகாமலிருக்க ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவைத்தேன். என் யோசனைதான் அது. காலையில் கழற்ற வேண்டிய உறைகளின் பட்டியலில் அந்த மூடி இல்லை, ஏனென்றால் நான் எழுதவில்லை. குழாய்க்குள் ஆழத்தில் இருந்ததால் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்த விமானியின் கண்ணிலும் படவில்லை.

பனிவிளிம்பை நோக்கி வடமேற்கே கிளம்பினோம். அடர்ந்த மேகக்கூரை, அதற்குக் கீழே 30 மீட்டர் உயரத்தில் நேர்கோடு. நொடிக்கு 60 மீட்டர் வேகம். கருவி காட்டியது 0.6, 0.6, 0.5, 0.6. கீழே ஈயநிறத்தில் அலைகள், நுரைத்தலைகள். சுமார் முக்கால் மணி நேரம் இப்படியே. திடீரென்று எண் இறங்கத் தொடங்கியது. 0.5, 0.3, 0.2, 0.1. நாலைந்து கிலோமீட்டருக்குள் அரை டிகிரி! கிழக்குக் கிரீன்லாந்து நீரோட்டம் வடக்கிலிருந்து கொண்டுவரும் துருவத் தண்ணீரின் எல்லை அந்தப் பக்கம்தான் எங்கோ இருக்க வேண்டும். எதிர்பார்த்த திசையில் எதிர்பார்த்த மாதிரியே இறக்கம். ஹெட்செட்டில் "எல்லையைப் பிடித்துவிட்டோம்" என்று கத்தியேவிட்டேன். நோட்டில் நேரம் எழுதி அடிக்கோடு போட்டேன்.

மேலும் போனதும் எண் இன்னும் இறங்கியது. பனிவிளிம்புக்குச் சற்று முன்னால் மைனஸ் 2.3. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்தப் பகுதிக் கடல்நீரின் உப்பளவுக்கு உறைநிலை மைனஸ் 1.9-ஐ ஒட்டியே வரும். அதற்குக் கீழே போனால் அது தண்ணீராக இருக்க முடியாது. மெல்லிய புதுப்பனி போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

இரவு கீழ்நோக்கிக் கேமராவின் படங்களை ஓட்டிப் பார்த்தேன். மைனஸ் 2.3 காட்டிய இடத்தில் பனியே இல்லை. கறுத்த தண்ணீர், சின்னச் சின்ன அலை. புதுப்பனி உருவாகத் தொடங்கினால் கடல் எண்ணெய் கொட்டிய மாதிரி மங்கிவிடும், சிற்றலைகள் செத்துவிடும். அப்படி எதுவும் இல்லை. சரி, கண்ணாடி அழுக்காக இருக்கும் என்று பறந்து வந்த பின் செய்த ஐஸ் சோதனையைப் பார்த்தேன். 0.05. கருவியின் மேல் தப்பே இல்லை.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டின்போது மூத்த விமானியிடம் புலம்பினேன். "அந்த அடிக்கோடு போட்ட நேரம் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கள் கத்தினீர்களே, அப்போதுதான் நான் கறுப்புக் கண்ணாடி எடுத்து மாட்டினேன். மேகம் விலகி முகத்தில் வெயில் அடித்தது" என்றார்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கடல் கறுப்புக் கூம்பு அல்ல. நம் கருவி பார்க்கும் அலைநீளத்தில், அது அனுப்பும் கதிரில் நூற்றுக்கு 99 பங்கு அதனுடையது; மீதி ஒரு பங்கு கண்ணாடிபோல மேலே இருப்பதைத் திருப்பிக் காட்டுவது. மேலே தாழ்ந்த மேகம் இருந்தால் அதன் அடிப்பக்கமும் கடலைவிட ரொம்பக் குளிர்ந்தது அல்ல. அந்த ஒரு பங்கு கிட்டத்தட்ட நிரம்பிவிடும், எண் சரியாக வரும். மேகம் இல்லாவிட்டால் மேலே இருப்பது உலர்ந்த, வெறும் துருவ வானம். அந்த அலைநீளத்தில் அது மைனஸ் 80 டிகிரிப் பொருள் மாதிரி இருக்கும். நூற்றில் ஒரு பங்கு ஏறக்குறையக் காலி. அந்த ஒரு சதவீதக் குறைவைக் கருவி டிகிரியாக மாற்றும்போது வருவது ஏறத்தாழ அரை டிகிரி. தாளில் போட்டுப் பார்த்தேன்: 0.48. என் எல்லையின் உயரமும் அதுதான். மைனஸ் 2.3-உம் மைனஸ் 1.8-ஆக மாறி, உறையப்போகும் தண்ணீராக ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

இதில் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும் விஷயம் ஒன்று. குளிர்க்காற்று பனிமேலிருந்து கடலுக்கு வரும்போது, பனிவிளிம்பை ஒட்டி வானம் தெளிவாக இருக்கும். கடலின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு தெற்கே வர வரத்தான் மேகம் திரளும். அதாவது, பனியை நோக்கிப் பறக்கிற ஒருவர் பெரும்பாலும் மேகத்திலிருந்து தெளிவான வானத்துக்குள்தான் நுழைவார். பொய்யான இறக்கமும் உண்மையான இறக்கமும் ஒரே திசையில் வரும். நாம் எதைத் தேடுகிறோமோ அதையே இந்தத் தவறு வரைந்து காட்டும். எண்ணற்ற பேர் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொள்ளக்கூடிய படம் அது.

மேலே பார்க்கும் கருவி ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அதன் பதிவைத் திறந்தேன். பறந்த நேரம் முழுக்க மைனஸ் 12, மைனஸ் 13. மேகத்தின் அடிப்பக்கத்துக்கு இயல்பான எண். தெளிவான வானத்திலும் அதே மைனஸ் 12. விமானத்திடலுக்கு ஓடி, ஏணி போட்டு ஏறிக் குழாய்க்குள் விரலை விட்டேன். மூடி இருந்தது. அந்தக் கருவி அன்று பூரா வெளிக்காற்றின் குளிரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் துண்டை அளந்து, 'மேகம், மேகம்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எண் நம்பும்படி இருந்ததால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைனஸ் 200 என்று காட்டியிருந்தால் அஞ்சு நிமிடத்தில் பிடித்திருப்போம். அந்த மூடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அணியிடம் சொல்ல வேண்டுமே என்று கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றேன். சொன்னேன். தெளிவான வானத்தில் பறந்த பாதி நேரத்துக் கடல் எண்களை அன்றைய கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

அரை டிகிரிக்கு இத்தனை அமர்க்களமா என்று தோன்றலாம். நொடிக்கு 15 மீட்டர் காற்றில் அரை டிகிரிப் பிழை, காற்றைச் சூடாக்கப் போகும் வெப்பத்தில் மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 12 வாட் பிழை. மொத்தம் சில நூறு வாட்டில் அது சின்னதுதான். ஆனால் இது இங்கும் அங்கும் சிதறி ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் பிழை அல்ல. தெளிவான வானம் வந்தபோதெல்லாம் ஒரே பக்கம் இழுக்கும். கடல் எங்கே கனமாகி இறங்குகிறது என்ற படத்தில் அது ஒரு இல்லாத எல்லையைப் பதித்துவிடும்.

மேகங்கள் வரிவரியாகத் தெருத்தெருவாக நிற்கும் நாட்களில் இது இன்னும் வேடிக்கை காட்டும். அந்த வரிகளுக்குக் குறுக்கே பறந்தால், திருத்தாத பதிவில் கடலே வரிவரியாகக் குளிர்ந்தும் சூடாகியும் இருப்பதுபோலத் தெரியும். மேல்நோக்கிக் கருவியின் பதிவை அதன்மேல் வைத்துத் திருத்தினால் வரிகள் மறைந்து ஒரே சீரான கோடாகிவிடும். முதல்முறை அது கண்முன்னே தட்டையானபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அழைத்துக் காட்டினேன்.

வங்கக்கடலில் கப்பலில் இதே மாதிரிக் கருவியோடு சில வாரம் இருந்திருக்கிறேன். அங்கே ஈரம் நிறைந்த காற்றே ஒரு போர்வைபோல வானத்தை மூடிக் கதிரை அனுப்பிக்கொண்டிருக்கும். வானப் பிரதிபலிப்பு அவ்வளவு கடிக்காது. அங்கே உயரத்தில் பறந்தால் தொல்லை வேறு: நடுவிலுள்ள நீராவியே கடலின் கதிரைத் தின்றுவிடும். வடக்கே காற்று உலர்ந்தது, 30 மீட்டரில் அந்தத் தொல்லை இல்லவே இல்லை என்று சொல்லலாம். அந்தத் தைரியத்தில்தான் வானத்தை மறந்தேன். ஒரு கடலில் கற்ற எச்சரிக்கை இன்னொரு கடலுக்குப் பொருந்தாமல் போனது.

அதற்கப்புறம் எங்கள் வழக்கங்கள் மாறின. கழற்ற வேண்டிய ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நாடா, பட்டியலில் ஒரு வரி, கழற்றியவர் அதைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். விமானத்தில் இரண்டாமவரின் வேலை, ஒவ்வொரு நிமிடமும் நோட்டில் வானத்தைப் பற்றி ஒரு சொல் எழுதுவது: மூடியது, கிழிந்தது, தெளிவு. மேல்நோக்கிக் கருவியே இல்லாத விமானங்கள் உண்டு. அவர்களுக்கு இந்தச் சொற்கள்தான் கடைசி நம்பிக்கை. எழுதப் பென்சிலே நல்லது. குளிரில் பேனா நம்மை நடுவழியில் விட்டுவிடும்.

விமானம் சாய்ந்து திரும்பும்போது வரும் எண்களை எறிந்துவிட வேண்டும். சாய்ந்தால் கருவி கடலைச் சரிவாகப் பார்க்கும். சரிவு கூடக்கூடக் கடல் இன்னும் அதிகமாகக் கண்ணாடியாகும். நாங்கள் 5 டிகிரிக்கு மேல் சாய்ந்தவற்றை எல்லாம் நீக்கினோம். கடிகாரங்களை ஒத்துவைப்பது இன்னொன்று. ரேடியோமீட்டர் பதியும் லேப்டாப்புக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இரண்டு நொடி வித்தியாசம் இருந்தால் 120 மீட்டர் இடறும். திறந்த கடலில் பரவாயில்லை. பனித்தட்டுகளுக்கு நடுவே போனால் கேமரா தண்ணீரைக் காட்டும், கருவி பனியைக் காட்டும், இரவு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடல் புகைகிற நாட்களும் உண்டு. மைனஸ் 20-க்குப் பக்கத்துக் காற்று பட்டால் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து, உடனே குளிர்ந்து நுண்துளிகளாகி, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி மேற்பரப்பெங்கும் புரளும். அழகான காட்சி. ஆனால் கருவி பார்ப்பது புகையின் தலையை, தண்ணீரை அல்ல. எண் டிகிரிக்கணக்கில் கீழே போகும். எந்தத் திருத்தமும் அதைக் காப்பாற்றாது. கேமராப் படத்தைப் பார்த்து அந்த நிமிடங்களை வெட்டுவது ஒன்றே வழி.

தண்ணீருக்குள்ளேயே வெப்பமானியைப் போட்டுவிடலாமே என்றால், அதையும் செய்கிறார்கள். விமானத்திலிருந்து குழாய் ஒன்றைப் பாராசூட்டில் இறக்குவார்கள். அது மிதந்துகொண்டு, கம்பியில் கட்டிய உணரியை ஆழத்துக்கு விட்டு, வானொலியில் வெப்பநிலையை அனுப்பும். 2015-இல் தொடங்கிய நாசாவின் 'ஓஷன்ஸ் மெல்டிங் கிரீன்லாந்து' திட்டம், ஜாஷ் வில்லிஸ் தலைமையில், கிரீன்லாந்தைச் சுற்றிலும் இப்படி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் போட்டது. வெதுவெதுப்பான அடித்தண்ணீர் பனியாறுகளின் அடியைக் கரைப்பதைப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஆழத்துக்கு அது ராஜா. ஆனால் ஒரு குழாய் ஒரு புள்ளியில் மட்டும்தான் பேசும், திரும்பியும் வராது. 200 கிலோமீட்டர் கோட்டை 6 மீட்டருக்கு ஒரு எண்ணாக வரைய ரேடியோமீட்டர்தான் வேண்டும்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அந்த உயரத்தில் ஏதாவது ஆனால் யோசிக்க நேரமில்லை. அதனால் தரையிலேயே எல்லாவற்றையும் யோசித்துவைப்போம். தண்ணீர் புகாத ஆரஞ்சு உடை, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர். நாலைந்து மணி நேரம் அதில் உட்கார்ந்தால் கழுத்து சிவந்துவிடும். பயிற்சியில் 1–10–1 என்று சொல்லிக்கொடுப்பார்கள்: குளிர்நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்து, அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், 1 மணி நேரம் வரை நினைவு தங்கும். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறைப் பாடம், லேப்டாப் கம்பிகள் எதுவும் என் மடிக்கும் கதவுக்கும் நடுவே ஓடக் கூடாது. இறக்கைமேல் பனி கட்டத் தொடங்கினால் விமானி திரும்பிவிடுவார். அப்போது "இன்னும் பத்தே கிலோமீட்டர்" என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேச மாட்டேன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவைத்தேன். அவர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

மூடி சம்பவத்துக்கு நான்கு நாள் கழித்து அதே கோட்டில் மறுபடி பறந்தோம். மேகக்கூரை முந்திய இடத்துக்குச் சற்று முன்பே கிழிந்தது. மேல்நோக்கிக் கருவி மைனஸ் 14-இலிருந்து சரசரவென்று இறங்கித் தன்னால் காட்டக்கூடிய அடிமட்டத்தை நோக்கிப் போனது. திருத்திய எண்ணைத் திரையில் நேரடியாக ஓடவிட்டிருந்தோம். அது அசையவில்லை: 0.5, 0.6, 0.5. முன்பு நான் கத்திய இடம் எந்தச் சலனமும் இல்லாமல் கடந்து போனது. விமானி திரும்பிப் பார்த்தார். தலையாட்டினேன்.

இன்னும் ஏழெட்டு நிமிடம். மேல்நோக்கிக் கருவி நிலையாக, வானம் அதே வெறுமையாக இருக்க, திருத்திய எண் 0.4-க்கு வந்தது. 0.1. மைனஸ் 0.6. மைனஸ் 1.1. யாரும் பேசவில்லை. கீழே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது, நுரைத்தலைகள் குறைந்திருந்தன. அப்புறம் முதல் பனித்தட்டுகள், ஆப்பம் மாதிரி வட்டமாக, ஒன்றோடொன்று இடித்து இடித்து ஓரம் மட்டும் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு. அவற்றுக்கு நடுவே கறுத்த தண்ணீரில் எண் மைனஸ் 1.8-இல் நின்றது.

"திரும்பி அதே கோட்டில் வர முடியுமா?" என்று கேட்டேன். எரிபொருளைப் பார்த்தார். "ஒருமுறை" என்றார். சாய்ந்து திரும்பிய அந்த அரை நிமிடத்தை நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு, எதிர்த்திசையில் மறுபடி எண்களைப் பார்த்தேன். மைனஸ் 1.1, மைனஸ் 0.6, 0.1, 0.4, அதே இடத்தில், ஐந்நூறு மீட்டர் முன்பின்னாக. வானம் என்ற கட்டத்தில் பக்கத்தில் இருந்தவர் 'தெளிவு' என்று எழுதினார். அதற்குக் கீழே அடுத்த நிமிடத்துக்கும் 'தெளிவு'. நான் நேரத்தை எழுதினேன். அடிக்கோடு போடவில்லை, இறங்கி, ஐஸ் பொடித்து, கூம்பைக் காட்டிப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று விட்டேன். அன்று மாலை கருவி 0.03 காட்டியது.